மெக்ரூவன் பெயர் இல்லாதவர்க்கு இடமில்லை

டொனால்டாவைப் பெக்கியின் அடுப்படியில் உட்கார வைத்துவிட்டுத்தான் போன வாரம் உங்களிடமிருந்து எழுந்து போனேன், கண்ணுகளா. அவள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள். மடியில் அதே பெட்டி. பெட்டிக்குள் அவள் அப்பா ஹெக்டரின் அஸ்தி. பெட்டியைச் சுற்றி, அவர் சுரங்க வேலைக்குப் போட்டுப்போன நீலக் கம்பளிச் சட்டை.

"என்னை ஆர்ட்வோர்ல, டூகல் பக்கத்துல போடு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடியவர் ஹெக்டர். இந்தத் தீவை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. கனடாவில் கேப் பிரெட்டனில் பிறந்து, அங்கேயே நிலக்கரி வெட்டி, அங்கேயே செத்தார்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. டூகலுக்கு இரண்டு மகன்கள். நூற்றெழுபது வருஷத்துக்கு முந்திய அந்தக் காலத்தில் அவர்கள் மெக்காஸ்கர்கள். தீவை விலைக்கு வாங்கிய மெக்ரூவன் துரை, "என் பெயரை ஏற்கிறவனுக்கு நிலமும் ஓட்ஸ் மாவும் உண்டு, மற்றவனுக்குக் கப்பல் உண்டு" என்றான். கொடும் பஞ்ச காலம். இளையவன் யூவன் பெயரையும் வாங்கிக்கொண்டான், மாவையும் வாங்கிக்கொண்டான். மூத்தவன் ஆலன் மாட்டேன் என்றான். அவன் கூரையில் தீ வைத்தார்கள். அவன் கப்பல் ஏறினான்.

யூவன் வழியில் வந்தவர்கள் நம் பெக்கியும் அவள் தம்பி லாக்லனும். ஆலன் வழியில் வந்தவர் ஹெக்டர். அவர் மகள் டொனால்டா மெக்காஸ்கர்.

அவ்வளவுதான் கதை. இனி சனிக்கிழமைக்கு வருவோம்.

அடக்கம் மதியம் இரண்டு மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தீவில் யாரும் மண்வெட்டி தொட மாட்டார்கள், படகும் ஓடாது. அதனால்தான் சனி. பெக்கி விடியலிலேயே எழுந்து, வருகிறவர்களுக்காக ஸ்கோன் ரொட்டி சுட ஆரம்பித்திருந்தாள். கை முழுக்க மாவாக இருக்கும்போது வீட்டுப் போன் அடித்தது. முழங்கையால் அமுக்கினாள். லாக்லன்.

"அக்கா, இன்னைக்கு வேணாம்னு சொல்றார்."

"யாரு? பாதிரியாரா? மழை வருமா?"

"ரானல்ட். அந்த இடம் மெக்ரூவன் பேர் உள்ளவங்களுக்கு மட்டும்தானாம். சங்கத்து விதியாம்."

பெக்கி மாவுக் கையோடு போனை நோக்கிக் குனிந்தாள்.

"சுவருக்கு வெளிய நிறைய இடம் இருக்குன்னார். மலர் வளையம்கூட சங்கத்து சார்பா வைக்கிறாங்களாம்."

"மலர் வளையமா. நல்லா இருக்குடா. வீட்டு வாசல்ல நிக்க வெச்சு, கைல ஒரு பூவையும் குடுத்து அனுப்புவாங்களாமா?"

"என்கிட்ட கத்தாத, அக்கா. அவர் சொன்னதைச் சொன்னேன்."

போன் வைக்கப்பட்டது.

ரானல்ட் மெக்ரூவன் எடின்பரோ வக்கீல். மெக்ரூவன் குலச் சங்கத்தின் தலைவர். உலகமெல்லாம் பரவிக் கிடக்கும் மெக்ரூவன்களைத் திரட்டுவது அவருக்கு வாழ்க்கை லட்சியம். எங்கள் பழைய இடுகாட்டில் கடலைப் பார்த்த மூலையைப் பண்ணைக்காரர்களிடமிருந்து சங்கம் வாங்கியது. போன குளிர்காலத்தில் அதைச் சுற்றி ஆள் உயரச் சுவர் எழும்பியது. இரும்புக் கதவு வந்தது. கதவில், 'மெக்ரூவன் குலத்தார் துயிலிடம்' என்று பலகை. சுவரைக் கட்டியது லாக்லன். சாவியும் அவனிடம்தான். அவன் தொப்பியில் சங்கத்தின் வெள்ளிச் சின்னம் ஏறியிருந்தது. மீன்பிடி வேலைக்குப் போகும்போதும் அதைக் கழற்ற மாட்டான்.

டொனால்டா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அத்தை, சித்தப்பாவா பேசினார்?"

"ம்."

"நான் பேரை மாத்திக்கிட்டா விடுவாங்களா?"

பெக்கி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் அழவில்லை. வெளுத்துப்போன உதடுகளை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என் பேரை இல்ல. அப்பா பேரை. செத்தவர்கிட்ட கையெழுத்து வாங்க முடியாதே. நூத்தெழுபது வருஷம் முன்னாடி அவங்க ஆளுங்க ஆலனோட பெட்டியைத் தூக்கிக் கப்பல்ல போட்டாங்க. இப்ப நான் பெட்டியைத் தூக்கிட்டு வந்தா, அதே பேரைச் சொல்லித் திருப்பி அனுப்புவாங்களா?"

"அடுப்பை அணை, மகளே" என்றாள் பெக்கி. "ஸ்கோன் கருகினா கருகட்டும்."

பெக்கி எங்கள் ஊர்த் தபால்காரி. தபால் வண்டியை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனாள். வழியில் யாருக்கும் கையாட்டவில்லை. ஆர்ட்வோரில் அது பெரிய செய்தி. அவள் துறையில் போய் இறங்குவதற்குள் ஊர் பாதிக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ நடந்திருக்கிறது என்று.

லாக்லன் படகோரம் உட்கார்ந்து நண்டுக்கூட்டின் வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"குழி வெட்டினியா?"

"இல்ல."

"நேத்து சாயங்காலமே வெட்டிடறேன்னியே."

"கூடு எடுக்கப் போயிருந்தேன்."

"புதன்கிழமை நீதான் வீடு வீடாப் போய்க் கயிறு யார் யாருக்குன்னு சொன்ன. தலைக்கயிறு டொனால்டாவுக்கு. ரெண்டாவது கயிறு யாருக்குன்னு சொன்ன?"

லாக்லன் ஊசியை வலைக்குள் விட்டான், வெளியே இழுத்தான்.

"கேக்கறேன்ல."

"எனக்கு."

பெட்டி சின்னதாக இருந்தாலும் பெரிதாக இருந்தாலும் எங்களிடம் கயிறு கட்டித்தான் குழிக்குள் இறக்குவோம். யார் எந்தக் கயிற்றைப் பிடிப்பது என்பது ரத்தத்தைப் பொறுத்தது. நண்பனுக்கு எட்டாவது கயிறு கிடைக்கலாம். ரெண்டாவது கயிறு அண்ணன் தம்பிக்குத்தான்.

"அப்ப ஹெக்டர் உனக்கு அண்ணன்னு ஊருக்கே சொல்லிட்ட. வாயால சொல்லிட்டு இப்ப கதவைப் பூட்டுற. இதுக்குப் பேர் என்னடா?"

"உனக்குப் புரியாது, அக்கா."

"என்ன புரியாது? தொப்பில தகரம் குத்தினதும் எனக்குப் புரியாததெல்லாம் உனக்குப் புரிய ஆரம்பிச்சிடுச்சா?"

"கதவைத் திறக்க முடியாது. அவ்வளவுதான். விட்டுடு."

அவன் குரல் உடைந்தது. பெக்கி அதைக் கவனித்தாள். ஆனால் அவளுக்கு இருந்த கோபத்தில் கவனித்ததை ஒதுக்கி வைத்தாள். கோபம் செய்கிற வேலை அதுதானே.

"ரெண்டு மணிக்கு நாங்க வர்றோம்" என்றாள். "சாவியோட வா. இல்லேன்னா அக்கான்னு கூப்பிடாத."

இரண்டு மணிக்கு ஊரே வந்தது. சிலர் அடக்கத்துக்காக, சிலர் சண்டைக்காக. பெரும்பாலானவர்கள் இரண்டுக்கும். ஆண்கள் கறுப்புக் கோட்டு. கிழவர் டார்க்வில் ஊன்றுகோலோடு முன்னால் நின்றார். பாதிரியார் வேதப் புத்தகத்தைக் கோட்டுக்குள் வைத்துக் காற்றிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

இரும்புக் கதவின் முன்னால் ரானல்ட். சிவப்பும் பச்சையும் கட்டம் போட்ட கில்ட் பாவாடை, இடுப்பில் ரோமத்தோல் பை, காலுறைக்குள் சின்னக் கத்தி. அவர் பக்கத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து காலைப் படகில் வந்து இறங்கியிருந்த சங்கத்து அம்மாள் ஒருத்தி, பெயர் வெர்னா மெக்ரூவன், கையில் மலர் வளையம். லாக்லன் சற்றுத் தள்ளி, சுவரோடு சுவராக.

"உங்க துக்கத்துல சங்கம் பங்கெடுத்துக்குது, அம்மா" என்றார் ரானல்ட் டொனால்டாவிடம். நல்ல குரல், நீதிமன்றத்தில் பழகின குரல். "ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. இன்னைக்கு ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு யாருக்கு இல்லைன்னு சொல்றது? உள்ள மெக்ரூவன்கள்தான் இருக்காங்க."

"யாரு இருக்காங்க?" என்றாள் பெக்கி.

"மெக்ரூவன்கள்."

"பேர் வெட்டின கல்லு உள்ள மொத்தம் ஆறோ ஏழோதான். மத்ததெல்லாம் கடற்கரைல பொறுக்கி வெச்ச கல்லு. எழுத்தே கிடையாது. உங்க துரை இந்தத் தீவுக்கு வர்றதுக்கு முன்னாடியே செத்தவங்க. அவங்க மெக்காஸ்கர். உங்க பேரைக் கேள்விப்பட்டதுகூட இல்ல."

"அவங்க வம்சம் பின்னால மெக்ரூவன் ஆச்சு. அதனால அவங்களும் மெக்ரூவன்தான். நாங்க அப்படித்தான் எடுத்துக்கறோம்."

"நீங்க எடுத்துக்கறீங்க. நிலத்தை எடுத்துக்கிட்டீங்க. பேரை எடுத்துக்கிட்டீங்க. இப்ப எலும்பையும் எடுத்துக்கறீங்களா?"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். சிரிப்பை அடக்குகிற இருமல்.

"பேர் இருந்தாத்தான் உள்ள படுக்கலாம்னா, முதல்ல டூகல் கிழவனைத் தோண்டி வெளிய போடு, ரானல்ட். அவன் பொண்டாட்டியைத் தோண்டு. எட்டுத் தலைமுறையைத் தோண்டிச் சுவருக்கு வெளிய போட்டுட்டு வா, அப்புறம் விதி பேசலாம். நீங்க பாவாடை கட்டிக்கிட்டு வந்து நின்னா நாங்க தலை குனிஞ்சிடணுமா? வா, காட்டறேன். டூகல் கல்லு எதுன்னு கண்ணைக் கட்டிட்டுக்கூடக் காட்டுவேன். லாக்லன், திற."

லாக்லன் அசையவில்லை.

"திறடா."

டொனால்டா பெட்டியோடு அவன் பக்கத்தில் போய் நின்றாள். "சித்தப்பா" என்றாள்.

லாக்லன் சாவியை எடுத்தான். எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உள்ள கல்லு இல்ல, அக்கா."

"என்ன?"

"எழுத்தில்லாத கல்லு ஒண்ணுகூட உள்ள இல்ல."

"எங்க போச்சு?"

அவன் கையை நீட்டிச் சுவரின் மேல் வைத்தான்.

கண்ணுகளா, ஊரே திரும்பிச் சுவரைப் பார்த்தது.

"இடத்தை ஒழுங்கு பண்ணணும்னார்" என்றான் லாக்லன், தரையைப் பார்த்து. "கன்னாபின்னான்னு கிடக்கு, எழுத்தில்லாத கல்லு யாருக்கு வேணும், நல்ல கல்லாத்தான் இருக்கு, சுவருக்கு ஆகும்னார். பனி பெய்ஞ்சுக்கிட்டிருந்தது. கடற்கரையிலேருந்து கல் சுமக்கணும் இல்லேன்னா. நான் யோசிக்கல. பாதிச் சுவர் எழும்பினப்புறம்தான் யோசிச்சேன். அப்புறம் யார்கிட்ட சொல்றது?"

மெக்காஸ்கர்களின் தலைக்கல்லை எடுத்து மெக்காஸ்கரை வெளியே நிறுத்தச் சுவர். அதைக் கட்டியவன் மெக்காஸ்கரின் பேரன். துரை செய்ததைக்கூட ஒரு வகையில் பொறுத்துக்கொள்ளலாம், அவன் அந்நியன். இதை எப்படிப் பொறுப்பது?

டார்க்வில் கிழவர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு சுவரருகே போனார். குனிந்து, இடுப்பு உயரத்தில் இருந்த ஒரு கறுப்புக் கல்லைத் தடவினார். மூலையில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் பெருவிரலை வைத்தார். பொருந்தியது.

"இது எங்க வீட்டுது" என்றார். "சின்னப் பிள்ளைல ஈஸ்டர் அன்னைக்கு இந்தப் பள்ளத்துல முட்டையை வெச்சு உடைப்போம்."

லாக்லன் தொப்பியைக் கழற்றிப் புல்லில் போட்டான். கோட்டைக் கழற்றினான். சுவரின் உச்சியிலிருந்த கல்லைத் தூக்கினான்.

"அது சங்கத்தோட சொத்து" என்றார் ரானல்ட்.

"சாந்து பூசாத சுவர், சார். எப்படி அடுக்கினேனோ அப்படி எடுக்கத் தெரியும்."

"லாக்லன், நான் எச்சரிக்கிறேன்."

ஆண்கள் ஒவ்வொருவராகக் கறுப்புக் கோட்டைக் கழற்றினார்கள். பாதிரியார் வானத்தைப் பார்த்து, "சனிக்கிழமைதானே" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

கல் கையிலிருந்து கைக்கு மாறிப் புல்லில் வரிசையாக இறங்கியது. அறிந்த கல் வரும்போது அந்தந்த வீட்டுக்காரர் முன்னால் வந்தார். சிலர் பேசாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி முந்தானை போல் போட்டிருந்த சால்வையால் கல்லிலிருந்த மண்ணைத் துடைத்தாள். வெர்னா அம்மாள் மலர் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றாள். எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்போ எங்க பேர் என்ன?" என்று ரானல்டிடம் கேட்டாள். "எங்க தாத்தா மெக்ரூவன்னுதான் சொல்வார். நான் வருஷா வருஷம் சந்தா கட்டறேன். அவருக்கு அதுக்கு முன்னாடி என்ன பேர்?"

ரானல்ட், இது அதற்கான நேரமல்ல என்றார்.

சுவரில் பாதி இறங்கியிருந்தது. பெக்கி வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். திரும்பவும் நடந்தாள். டூகலின் கல் நீளமானது, கடல்நாயின் முதுகு போல வளைந்தது, குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடும்.

"டூகலைக் காணோம்."

லாக்லன் கல்லோடு நின்றான்.

"இன்னும் அடியில இருக்கா?"

"அது சுவர்ல இல்ல, அக்கா." அவன் ரானல்டைப் பார்த்தான். "அதை நான் வண்டில ஏத்திக் குடுத்தேன்."

ரானல்ட் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார். "அது பத்திரமா இருக்கு. எடின்பரோவுல சங்கத்து மண்டபத்துல, கண்ணாடிப் பெட்டிக்குள்ள. இங்க மழைல கிடக்கறதைவிட ஆயிரம் மடங்கு மரியாதையா."

"கண்ணாடிப் பெட்டில ஏதாவது எழுதியிருக்கா?" என்று கேட்டாள் டொனால்டா.

"ஒரு பித்தளைத் தகடு."

"என்ன எழுதியிருக்கு?"

லாக்லன்தான் சொன்னான்.

"டூகல் மெக்ரூவன். நம் குலத்தின் முதல்வர்."

டொனால்டா கண்ணை மூடித் திறந்தாள். அவள் சத்தம் போடுவாள் என்று நாங்கள் நினைத்தோம். கம்பளிச் சட்டையின் கைகளை இழுத்துப் பெட்டியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள், கைக்குழந்தையைப் பயணத்துக்குத் தயார் செய்வது போல.

பாதிரியார் அருகில் வந்தார். "இப்ப இடம் திறந்துதான் இருக்கு, மகளே. வெளிச்சமும் இருக்கு. ஜெபத்தைச் சொல்லி இறக்கிடலாமா?"

"வேணாம், ஐயா. டூகல் பக்கத்துல போடச் சொன்னார். டூகல் அங்க வேற பேர்ல கண்ணாடிக்குள்ள நிக்கிறார். அவர் பேரை மாத்தி, அந்தப் பேரைத் திணிச்ச துரையோட குலத்துக்கே அவரை அப்பனாக்கி வெச்சிருக்காங்க. அவர் திரும்பி வரட்டும். அந்தத் தகடு இல்லாம வரட்டும். அதுவரைக்கும் அப்பா என்கூடத்தான் இருப்பார்."

"மண்டபத்துக்குள்ள உறுப்பினர்கள் மட்டும்தான் வர முடியும்" என்றார் ரானல்ட். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வெர்னா மெக்ரூவன் மலர் வளையத்தைக் கீழே வைத்தாள். கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்தாள்.

"நான் உறுப்பினர்தான். ஆயுள் உறுப்பினர். என்கூட விருந்தாளிங்க வரலாம்னு உங்க விதியிலேயே இருக்கு, ரானல்ட். எனக்கு எல்லா விதியும் அனுப்பி வெச்சீங்களே, விமானத்துல படிச்சுக்கிட்டே வந்தேன்."

ரானல்டின் முகம் முதல் தடவையாகச் சிவந்தது. அவர் போனை எடுத்துக்கொண்டு மேட்டுப்பக்கம் ஏறினார். எங்கள் ஊரில் அங்கேதான் சிக்னல் கிடைக்கும். காற்று அவர் கில்ட்டைப் பிடித்து இழுத்தது, அவர் ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டு மறு கையால் போனைக் காதில் வைத்துப் பேசுவது கீழிருந்து தெரிந்தது.

"யார்கிட்ட பேசறான்?" என்றாள் பெக்கி.

"மண்டபத்து ஆள்கிட்டதான் இருக்கும்" என்றான் லாக்லன். "கல்லை வேற எங்கயாவது மாத்தச் சொல்லுவார்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. யார் தூக்குவா?"

"எடின்பரோவுல ஞாயித்துக்கிழமையும் ஆளுங்க வேலை செய்வாங்க, அக்கா."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். திங்கட்கிழமைதான் அடுத்த படகு. அதற்குள் கண்ணாடிப் பெட்டி காலியாகிவிடும். அப்புறம் டூகலை எங்கே போய்த் தேடுவது?

லாக்லன் கைமண்ணைக் கால்சட்டையில் துடைத்தான். "என் படகுல இப்பவே கிளம்பினா, இருட்டுறதுக்குள்ள அக்கரை போயிடலாம். அங்கேருந்து எடின்பரோவுக்கு வண்டி வேணும்."

"ஞாயித்துக்கிழமைப் பயணமா?" என்றாள் பெக்கி. தலைமுறை தலைமுறையாக எங்கள் உடம்பில் ஊறின பயம் அது. அவள் பாதிரியாரைப் பார்த்தாள். எல்லோரும் பாதிரியாரைப் பார்த்தோம்.

பாதிரியார் கடலைப் பார்த்தார். பிறகு கோட்டுப்பைக்குள் கையை விட்டார்.

"என் கார் அக்கரையில நிக்குது" என்று சாவியை நீட்டினார். "பிரேக் கொஞ்சம் சரியில்ல. மெதுவாப் போங்க."

பெக்கி சாவியை வாங்கிக்கொண்டு டொனால்டாவைத் தேடித் திரும்பினாள். டொனால்டா அங்கே இல்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவள் துறைக்குப் போகும் பாதையில் பாதி தூரம் இறங்கிவிட்டிருந்தாள்.